சாம்பல், கசடு, இடிபாட்டு ஜல்லி: கழிவுப் பொருள்களைக் கொண்டு கான்கிரீட் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவைச் சேர்த்தாலே கான்கிரீட் சூழலுக்கு நல்லதாகிவிடுமா?

ஆகாது. எதை எடுத்துவிட்டு எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கான்கிரீட்டின் எடையில் முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான்; சிமென்ட் ஏழில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் கரியமில வாயுக் கணக்கில் பெரும்பங்கு அந்தச் சிமென்டுடையது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடும்போது எரிபொருள் புகை ஒருபக்கம் வர, கல்லே சிதைந்து வாயுவை வெளிவிடுகிறது. எரிபொருளை மாற்றினாலும் இந்த இரண்டாவது பகுதி குறையாது.

தோராயமாக ஒரு கணக்கு. கனமீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், ஒரு கிலோ சிமென்டுக்கு 0.9 கிலோ வாயு என்று வைத்தால் 324 கிலோ. சிமென்டில் 30 விழுக்காட்டை எடுத்துவிட்டு ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) போட்டால் 97 கிலோ குறைகிறது. அதே கலவையில் 250 கிலோ புது ஜல்லிக்குப் பதிலாக இடிபாட்டு ஜல்லி போட்டால் மிச்சமாவது ஒன்றிரண்டு கிலோதான். பழைய கான்கிரீட்டையும் உடைத்துச் சலிக்கத்தானே வேண்டும். "வலு குறையுமோ" என்ற பயத்தில் 20 கிலோ சிமென்ட் கூட்டிப் போட்டாலோ 18 கிலோ ஏறிவிடும். இப்படிப் போட்டுவிட்டுப் பசுமைக் கான்கிரீட் என்று பலகை வைப்பவர்கள் உண்டு.

இதனால் இடிபாட்டு ஜல்லி வீண் என்று ஆகிவிடாது. அதன் லாபம் வேறு இடத்தில்: குவாரியில் வெட்டுவது குறைகிறது, குப்பைமேட்டில் கொட்டுவது குறைகிறது, லாரி ஓடும் தூரம் குறைகிறது. கரியமில வாயுவைக் குறைப்பது நோக்கமானால் சிமென்டின் இடத்தில் கை வைக்க வேண்டும். கல்லையும் நிலத்தையும் காப்பது நோக்கமானால் ஜல்லியின் இடத்தில்.

சிமென்டுக்குப் பதிலாக எவற்றைப் போடலாம்?

நடைமுறையில் நிலைத்துவிட்டவை மூன்று: அனல்மின் நிலையத்தின் ஃப்ளை ஆஷ், இரும்பு ஊதுலைக் கசடை அரைத்த ஜிஜிபிஎஸ் தூள், சிலிக்கான் உலைப் புகையில் பிடித்த சிலிக்கா ஃப்யூம். அடுத்த வரிசையில் நெல் உமிச் சாம்பல், கண்ணாடித் தூள், சுட்ட களிமண்.

இவற்றுள் கசடு தானாகவே ஓரளவு இறுகும். சிமென்ட் அதைத் தூண்டிவிடுகிறது. மற்றவை தனியாக இறுகுவதில்லை. சிமென்ட் நீரோடு வினைபுரியும்போது உபரியாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது; இந்தத் தூள்களின் சிலிக்கா அதோடு சேர்ந்து புதிய பசையாகிறது. எனவே சிமென்டின் வினை முதலில் நடக்க வேண்டும், பிறகுதான் இவற்றின் முறை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்தத் தாமதத்தால் வருபவை.

ஃப்ளை ஆஷ் எவ்வளவு போடலாம்? எங்கே தவறும்?

மொத்தப் பிணைப்புத் தூளில் 20 முதல் 30 விழுக்காடு வரை பாதுகாப்பான எல்லை. அடித்தளம், தடிமனான ராஃப்ட் (கட்டடத்தின் அடி முழுக்கப் பரவும் தளம்) போன்றவற்றில் 40, 50 விழுக்காடு வரை போகிறார்கள். அங்கே வெப்பம் குறைவாக எழுவதே பெரிய நன்மை. துகள்கள் உருண்டையாக இருப்பதால் கலவை வழுக்கிக்கொண்டு போகும், தண்ணீர் 5 முதல் 10 விழுக்காடு வரை குறையும். அந்தத் தண்ணீரை உண்மையிலேயே குறைக்க வேண்டும். சாம்பலைப் போட்டுவிட்டுப் பழைய அளவுக்கே நீர் ஊற்றினால் கிடைக்க வேண்டிய வலு போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது எரியாமல் தங்கிய கரி. சோதனை அறிக்கையில் அது எரிப்பு இழப்பு என்ற வரியில் இருக்கும். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் சி618 அதற்கு 6 விழுக்காடு உச்சவரம்பு வைக்கிறது, குறைய இருப்பது நல்லது. கரி மிகுந்தால் தூள் கருத்திருக்கும், நீர்குறைப்பி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், காற்றுக்குமிழி மருந்தைக் கிட்டத்தட்ட முடக்கிவிடும். லோடுக்கு லோடு நிறம் மாறினால் ஸ்லம்ப்பும் (கலவையின் இளகல் அளவு) மாறும் என்று எதிர்பார்க்கலாம்.

உலையின் அடியில் தங்கும் கரடுமுரடான சாம்பலும், குளத்தில் கொட்டி வைத்த சாம்பலும் இதற்கு உதவாது. புகைக்குழாயில் வடிகட்டிப் பிடித்த உலர்ந்த சாம்பல்தான் வேண்டும்.

கடையில் வாங்கிய பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்டில் மேலும் ஃப்ளை ஆஷ் சேர்க்கலாமா?

கூடாது. அந்த மூட்டையிலேயே 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் கலந்திருக்கிறது. அதன் மேல் இன்னும் 30 விழுக்காடு போட்டால் மொத்தம் பாதியைக்கூடத் தாண்டிவிடலாம், அதுவும் தாண்டியது தெரியாமலே. தளத்தில் தூள் கலப்பதாக இருந்தால் எதுவும் கலக்காத சாதாரண ஓபிசி சிமென்டில்தான் கலக்க வேண்டும். கசடு கலந்த சிமென்டுக்கும் இதே விதி.

கசடு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பம் பணத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஊதுலையில் உருகி வரும் கசடைத் தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கண்ணாடித் தன்மையோடு மணல்போல உதிரும். அதை நுண்மையாக அரைத்ததே ஜிஜிபிஎஸ். சிமென்டுக்குப் பதிலாக 40 முதல் 70 விழுக்காடு வரை போகலாம். கடலோரக் கட்டடங்களுக்கும் உப்புநீர் படும் தூண்களுக்கும் இதற்கு இணை குறைவு. சென்ட்ரிங் பிரித்ததும் சில நேரம் நீலப்பச்சை நிறம் தெரியும். காற்றுப் பட்டால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை.

அதே கசடை மெல்ல ஆறவிட்டால் படிகமாகிவிடும். அதை அரைத்தாலும் இறுகாது; உடைத்து ஜல்லியாகப் போடலாம், அவ்வளவே.

எஃகு உலைக் கசடு வேறு ரகம். அதில் வினைபுரியாத சுண்ணாம்பும் மக்னீசியாவும் இருக்கும். கான்கிரீட்டுக்குள் போன பிறகு நீர் பட்டு மெல்ல ஊதி, மேற்பரப்பைக் குழிகுழியாகப் பெயர்த்துவிடும். மாதக்கணக்கில் நனைத்து வெளியில் போட்டுப் பதப்படுத்தி, விரிவுச் சோதனையில் தேறியதை மட்டும் சாலை, நடைபாதைக்குப் போடலாம். கம்பி போட்ட கான்கிரீட்டில் வேண்டாம்.

தாமிரக் கசடு மணலுக்கு மாற்று. மணலில் 40 விழுக்காடு வரை நன்றாக வேலை செய்கிறது. அதன் அடர்த்தி மணலைவிட வெகு அதிகம், கனமீட்டருக்கு 3,400 கிலோவுக்கு மேல். அதனால் எடைக்கு எடை மாற்றாமல் பருமனுக்குப் பருமன் மாற்ற வேண்டும். நீரையும் குடிப்பதில்லை. அளவு கூடினால் மேலே நீர் ஊறி நிற்கும்.

சிலிக்கா ஃப்யூம், உமிச் சாம்பல்?

சிலிக்கா ஃப்யூம் துகள் சிமென்ட் துகளைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சிறியது. 5 முதல் 10 விழுக்காடு போதும். சூப்பர் பிளாஸ்டிசைசர் (வீரியமான நீர்குறைப்பி மருந்து) இல்லாமல் போட்டால் கலவை பசைபோல ஒட்டிக்கொள்ளும். நீர் மேலே ஊறாததால் வெயிலிலும் காற்றிலும் தளத்தின் மேற்பரப்பு சில மணி நேரத்திலேயே வெடிக்கும். மட்டம் தட்டியதும் பாலித்தீன் போர்த்த வேண்டும்.

உமிச் சாம்பலில் எல்லாமே எரித்த விதத்தில் இருக்கிறது. 700 டிகிரிக்குள் கட்டுப்பாட்டோடு எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் வினைத்திறனோடு கிடைக்கும். அடுப்பிலோ கொதிகலனிலோ கண்டபடி எரிந்தால் ஒன்று கரி தங்கிக் கருப்பாக வரும், இல்லையென்றால் அதிகச் சூட்டில் படிகமாகி வெறும் மண்ணாகும். நல்ல சாம்பலும் உள்ளுக்குள் நுண்துளை கொண்டது. நன்றாக அரைத்து 10 முதல் 15 விழுக்காடு, கூடவே நீர்குறைப்பி.

உடைந்த கண்ணாடியை மணலாகப் போடலாமா?

தூளாகப் போடலாம், மணலாகப் போடுவது ஆபத்து. ஒரே கண்ணாடி துகளின் அளவைப் பொறுத்து இருவிதமாக நடந்துகொள்கிறது. 75 மைக்ரானுக்குக் கீழே அரைத்தால் சிமென்டோடு சேர்ந்து பசையாகும். 10 முதல் 20 விழுக்காடு போடலாம். மணல் அளவில் விட்டால் கண்ணாடியின் சிலிக்காவும் சிமென்டின் காரமும் சேர்ந்து கூழாகி, நீரை இழுத்து ஊதி, கான்கிரீட்டை வலைபோல வெடிக்க வைக்கும். இது முதல் வாரத்தில் தெரியாது, வருடங்கள் கழித்தே தெரியும். 28 நாள் கியூப் (வலு பார்க்க உடைக்கும் கனசதுரக் கட்டி) நன்றாக வந்தது என்பது இதற்குச் சான்றாகாது. ஏஎஸ்டிஎம் சி1260 முறையில் சாந்துக் கட்டியை 80 டிகிரி காஸ்டிக் சோடா கரைசலில் 14 நாள் வைத்து அளக்கிறார்கள். 0.10 விழுக்காட்டுக்குள் விரிந்தால் தேறும், 0.20-ஐத் தாண்டினால் தள்ளிவிட வேண்டும்.

இடிபாட்டு ஜல்லியை எப்படித் தயாரிப்பது?

தரம் இடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஓடு, மரம், மின்வயர், ஜன்னல், பால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டு, தூண், உத்திரம், தளத்தின் கான்கிரீட்டைத் தனிக் குவியலாகப் போட வேண்டும். பிறகு தாடைக் கிரஷர், கம்பியை இழுக்கக் காந்தம், இரண்டாம் கிரஷர், சல்லடை. 20 முதல் 10 மிமீ ஒரு குவியல், 10 முதல் 4.75 மிமீ இன்னொன்று. 4.75-க்குக் கீழே விழுவதைத் தனியே ஒதுக்குங்கள். பழைய சிமென்ட் தூள் அதில்தான் அதிகம், நீரை அளவில்லாமல் குடிக்கும். குழி நிரப்பவும் தரைக்கு அடியில் பரப்பவும் அது போதும்.

குவியலிலிருந்து ஒரு வாளி எடுத்து நீரில் கொட்டினால் மரம், தெர்மோகோல், பிளாஸ்டிக் மிதக்கும். வெள்ளையாக, நகத்தால் கீறினால் தூள் உதிரும் துண்டு இருந்தால் ஜிப்சம் என்று சந்தேகிக்கலாம். இதை விட்டுவிடக் கூடாது. ஜிப்சத்தின் சல்பேட் சிமென்டின் அலுமினேட்டோடு சேர்ந்து விரிந்து, இறுகிய கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோரக் கட்டடத்தின் இடிபாடு என்றால் குளோரைடுச் சோதனையும் கட்டாயம்.

செங்கல் கலந்த இடிபாடு?

கம்பி போட்ட வேலைக்கு வேண்டாம். அடித்தளத்துக்குக் கீழே போடும் மட்டக் கான்கிரீட், நடைபாதை, காம்பவுண்டு ஓரக் கட்டைகள் ஆகியவற்றுக்குப் போடலாம். செங்கல் துண்டு தன் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை நீரை இழுக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இடிபாட்டு ஜல்லி போட்டால் கலவை சீக்கிரம் கட்டிப்போகிறதே, ஏன்?

இந்தப் பொருளோடு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய சாந்து ஒட்டியிருக்கிறது. அது பஞ்சுபோல நீரை இழுக்கும். புதுக் கருங்கல் ஜல்லி 0.5 முதல் 1.5 விழுக்காடு உறிஞ்சினால் இது 3 முதல் 10 வரை உறிஞ்சும். மிக்சரிலிருந்து இறங்கும்போது தளதளவென்று இருந்த கலவை அரைமணியில் விறைத்துவிடும். உடனே ஒருவர் குழாயைத் திறந்து நீர் ஊற்றுவார். அங்கேதான் வலு போகிறது, ஜல்லியால் போவதில்லை.

முதலில் உங்கள் ஜல்லி எவ்வளவு உறிஞ்சும் என்று அளந்துகொள்ளுங்கள். 2 கிலோ எடுத்துக் கழுவி 24 மணி நேரம் ஊற வையுங்கள். துணியில் உருட்டி மேலீரத்தை மட்டும் போக்கி எடை பாருங்கள். பிறகு 105 டிகிரி அவனில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் எடை பாருங்கள். வித்தியாசத்தை உலர் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் உறிஞ்சும் விழுக்காடு.

முயற்சிக் கலவைக்கு ஒரு தொடக்க அளவு இதோ. 1 கனமீட்டருக்கு, ஜல்லியும் மணலும் உள்ளே ஊறி மேலே உலர்ந்த நிலையில்:

ஓபிசி சிமென்ட் 252 கிலோ
ஃப்ளை ஆஷ் 108 கிலோ
நீர் 162 லிட்டர்
மணல் அல்லது எம்-சாண்ட் 695 கிலோ
புது ஜல்லி 867 கிலோ
இடிபாட்டு ஜல்லி 252 கிலோ
சூப்பர் பிளாஸ்டிசைசர் 2 முதல் 3.6 கிலோ

நீருக்கும் பிணைப்புத் தூளுக்குமான விகிதம் 0.45. ஜல்லியின் பருமனில் கால் பங்கு இடிபாடு. இந்த ஜல்லி 5 விழுக்காடு உறிஞ்சக்கூடியது, குவியலில் இப்போது 2 விழுக்காடு ஈரம்தான் இருக்கிறது என்று வையுங்கள். உலர் எடை 240 கிலோ; முழுக்க ஊற 12 லிட்டர் வேண்டும், ஏற்கெனவே இருப்பது 4.8. பற்றாக்குறை 7.2 லிட்டர். இதை 162-க்கு மேல் சேர்ப்பது விகிதத்தைக் கெடுக்காது, ஏனென்றால் அந்த நீர் கல்லுக்குள் போகிறது. மழைக்குப் பின் குவியல் ஊறியதைவிட அதிக ஈரமாக இருந்தால் கணக்கு தலைகீழ்: நீரைக் குறைக்க வேண்டும். மணலின் ஈரத்துக்கும் இதே திருத்தம் உண்டு.

இன்னும் எளிய வழி, முதல் நாளே குவியல் மேல் தெளிப்பான் போட்டு நனைத்து, கலக்குவதற்குச் சில மணி நேரம் முன்பு நிறுத்தி வடியவிடுவது. தொட்டியில் மூழ்கடித்து அப்படியே சொட்டச் சொட்ட மிக்சரில் போடுவது தவறு.

கலக்கும் வரிசையும் உதவும். மணல், ஜல்லி இரண்டையும் ஒரு நிமிடம் சுற்றவிட்டு, பாதி நீரை ஊற்றி இன்னொரு நிமிடம். பிறகு சிமென்டும் சாம்பலும் போட்டு அரை நிமிடம். மீதி நீரை மருந்தோடு சேர்த்து ஊற்றி இரண்டு நிமிடம். முதலில் ஒரு கெட்டியான சிமென்ட் பூச்சு பழைய சாந்தின் துளைகளிலும் விரிசல்களிலும் ஏறிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டுவதைவிட வலு கூடுகிறது.

9 கியூபுக்கு 40 லிட்டர் கலவை போதும்: சிமென்ட் 10.1, சாம்பல் 4.3, மணல் 27.8, புது ஜல்லி 34.7, இடிபாடு 10.1 கிலோ, நீர் 6.5 லிட்டர், அதோடு ஈரத் திருத்தம். ஸ்லம்ப்பைக் கலந்த உடனேயும், 30, 60 நிமிடங்களிலும் பாருங்கள். கியூப்களை 7, 28, 56 நாளில் மும்மூன்றாக உடையுங்கள்.

இடிபாட்டு ஜல்லிக்கு உச்ச அளவு என்ன?

பருமனான ஜல்லியில் 30 விழுக்காடு வரை வலுவில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. தரநிலைகளும் அதை ஒட்டியே உள்ளன. ஐரோப்பாவின் இஎன் 206, சுத்தமான கான்கிரீட் இடிபாட்டுக்குச் சாதாரணச் சூழலில் 30 விழுக்காடும், கம்பி அரிக்கும் அபாயமே இல்லாத இடத்தில் 50-உம் விடுகிறது. இந்தியாவின் ஐஎஸ் 383:2016 கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்25 வலுத் தரம் வரை 20 விழுக்காடு, கம்பியில்லாததற்கு 25, எம்15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டுக்கு 100 என்கிறது.

கியூப் வலுவை மட்டும் பார்த்து முழுவதும் மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 100 விழுக்காடு மாற்றினால் மீள்மை எண் (வளையாமல் நிற்கும் விறைப்பு) 20 முதல் 40 விழுக்காடு வரை குறையும், உலர்ந்து சுருங்குவதும் கூடும். தளம் உடையாது, ஆனால் தொய்யும். சுவரோரம் விரிசல் விடும். நீண்ட உத்திரங்களில் கணக்கிடுவது தொய்வைத்தானே.

ரப்பர், பிளாஸ்டிக்?

டயர்த் துருவலை மணலில் 10 விழுக்காடு போட்டாலே வலு கண்கூடாகக் குறையும். அதிர்ச்சியைத் தாங்கும் தடுப்புக் கட்டை, விளையாட்டுத் தளத்துக்குப் பொருத்தம். அதிகமாக வைப்ரேட்டர் வைத்தால் ரப்பர் மேலே மிதந்து வந்துவிடும். பிளாஸ்டிக் சில்லுகள் சிமென்டோடு ஒட்டுவதே இல்லை, தீயில் உருகும், தேயும் பரப்பில் நுண்துகளாக வெளியேறும். கான்கிரீட்டைக் குப்பைத்தொட்டியாக்குவது போன்றது அது. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காகவே மறுசுழற்சி செய்வது மேல்.

நகரக் குப்பையை எரித்த அடிச்சாம்பல்?

அதில் அலுமினியத் துணுக்குகள் இருக்கும். சிமென்டின் காரம் பட்டதும் ஹைட்ரஜன் வாயு கிளம்பி, கலவை தோசைமாவுபோல் பொங்கி, ஓட்டை ஓட்டையாக இறுகும். ஒரு பிடி சாம்பலைக் காஸ்டிக் சோடா கரைசலில் போட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அது உள்ளே போகத் தகுதியில்லை. கன உலோகம் கசிகிறதா என்ற சோதனையும் வேண்டும்.

க்யூரிங் எத்தனை நாள்? சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்?

வெறும் ஓபிசிக்கு 7 நாள் என்றால் சாம்பல், கசடு கலந்ததற்குக் குறைந்தது 10, வெயில் காலத்தில் 14 நாள். முதல் வாரம் உலரவிட்டால் பின்னால் எவ்வளவு நனைத்தாலும் மேல் ஒரு அங்குலம் நுண்துளையோடு நின்றுவிடும். கம்பியைக் காப்பது அந்த ஒரு அங்குலம்தான்.

சென்ட்ரிங்கை நாளை எண்ணிப் பிரிக்காதீர்கள். தளத்திலேயே, அதே வெயிலிலும் குளிரிலும் கிடந்த கியூபை உடைத்து, தேவையான வலு வந்ததா என்று பார்த்தே முட்டுகளை எடுக்க வேண்டும். கசடு 50 விழுக்காடு இருக்கும் கலவை 10 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகவே ஏறும். ஒப்பந்தத்திலேயே வலுவை 56 நாளுக்கு என்று எழுதிக்கொள்வது நல்லது. 28 நாள் என்று எழுதிவிட்டால், அதை எட்டுவதற்காகச் சிமென்டைக் கூட்டி, குறைத்த வாயுவைத் திரும்ப ஏற்றுவார்கள்.

கம்பி சீக்கிரம் துருப்பிடிக்குமா?

எந்தச் சூழல் என்பதைப் பொறுத்தது. உப்புக் காற்று, உப்புநீர் படும் இடத்தில் கசடும் ஃப்ளை ஆஷும் துளைகளை நுண்மையாக்கிக் குளோரைடைத் தடுக்கின்றன. அங்கே வெறும் ஓபிசியைவிட நல்லது. உள்நாட்டில், உலர்வும் ஈரமும் மாறி வரும் வெளிச்சுவரில், நிலைமை வேறு. கால்சியம் ஹைட்ராக்சைடைச் சாம்பல் எடுத்துக்கொண்டதால் காற்றின் கரியமில வாயு வேகமாக உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கும். நீர் விகிதம் 0.50-க்குள், முழு க்யூரிங், கம்பிக்கு வெளியே சரியான கவர் இருந்தால் சமாளிக்கலாம். மூன்றில் ஒன்று போனாலும் சாம்பலை 25 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

மிக்சர் கழுவிய நீரை மறுபடி பயன்படுத்தலாமா?

தொட்டியில் தெளியவிட்டு, புதிய நீரோடு கலந்து பயன்படுத்தலாம். ஏஎஸ்டிஎம் சி1602 கரைந்தும் மிதந்தும் இருக்கும் மொத்தத் திடப்பொருளுக்கு லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் எல்லை வைக்கிறது. கலங்கல் மிகுந்தால் கலவை சீக்கிரம் இறுகும், நீர்த்தேவை கூடும். அந்த நீரின் பிஹெச் 12-ஐ ஒட்டியிருக்கும். வாய்க்காலில் விட்டால் மீன் சாகும், கையில் பட்டால் தோல் வேகும். ரப்பர் கையுறை போட்டு அள்ளுங்கள். கிரஷர் பக்கமும், தூள் மூட்டை பிரிக்கும் இடத்திலும் துணி கட்டினால் போதாது. சிலிக்கா தூசுக்கென்று உள்ள முகமூடி வேண்டும், கிரஷர் வாயில் நீர் தெளிப்பான் ஓட வேண்டும்.